மரியாதை நிமித்தமான வருகை

குணமானவர்களுக்கு வலிக்கக் கூடாது என்று ஒரு விதி இருப்பது எனக்கு முதலில் தெரியாது. தெரிந்திருந்தால் குணமாகாமலேயே இருந்திருப்பேன்.

என் தொழில் லிஃப்ட் பராமரிப்பு. இருபத்திரண்டு வருஷமாக அடுக்குமாடிகளின் உச்சியில் இருக்கும் மோட்டார் அறைகளில் குனிந்து குனிந்து, நேராக நின்றாலும் எதையோ கீழே தொலைத்துவிட்டுத் தேடுகிறவன் மாதிரி தெரிகிற ஆள். வயது நாற்பத்தாறு. முன் வழுக்கை, பின் தொப்பை என்று சொல்ல ஆசைதான். இரண்டுமே முன்னால்தான் இருக்கின்றன. இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு வந்த நோயின் பெயரைச் சொன்ன டாக்டரே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்களுக்கா?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்த நேரத்திலும் எனக்குள் ஒரு மூலையில் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இப்படிப்பட்ட புத்தி உள்ளவனுக்கு வெட்டை நோய் வராமல் வேறு என்ன வரும்?

புது மாதிரி கண்ட்ரோல் பேனல்களைப் பற்றித் தெரிந்துகொள்ள கம்பெனி என்னைப் பதினைந்து நாள் பயிற்சிக்காக வேறு ஊருக்கு அனுப்பியது. அங்கே சொல்லித் தந்தது எதுவும் தலையில் தங்கவில்லை. என்னோடு ஊர் திரும்பியது இது ஒன்றுதான். எப்படி வந்தது என்று விவரித்தால் ஏதோ பெரிய காதல் கதை என்று நினைத்துவிடுவீர்கள். பன்னிரண்டாம் நாள் புத்தி பிசகியது, அவ்வளவுதான். புத்தி பிசகிய நேரத்தில்கூட நான் பாதி நேரம் அறைச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொல்லியே தீர வேண்டியதாயிற்று. மனைவிக்கும் பரிசோதனை செய்ய வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். என் மனைவி பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது, எங்கே எத்தனை நிமிஷம் நின்றது என்று நாள் முழுக்கக் குறித்துக்கொண்டே இருப்பது அவள் வேலை. டிரைவர்கள் சொல்லும் அத்தனை சாக்குகளையும் கேட்டுக் கேட்டுக் காது காய்த்தவள். நான் சொன்னதை எதிரே உட்கார்ந்து கடைசிவரை கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை. லேட்டாக வந்த டிரைவரிடம் கேட்கிற குரலில், "முடிஞ்சுதா?" என்றாள். முடிந்தது என்றேன்.

மறுநாள் அவளே தனியாகப் போய்ப் பரிசோதனை செய்துகொண்டு வந்தாள். அவளுக்கு ஒன்றும் இல்லை.

"எனக்கு ஒண்ணுமில்ல. நீங்க ஊசி போட்டுக்கிட்டு குணமாகுங்க. பொண்ணு ஹாஸ்டல்லதான இருக்கா, அவ ரூம்ல நான் படுத்துக்கறேன். இன்னொரு தடவை இந்த மாதிரி ஏதாவதுன்னு எனக்குத் தெரிஞ்சுதுன்னா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். சண்டையெல்லாம் போட மாட்டேன். போய்ச் சேர்ந்துட்டுதான் ஃபோனே பண்ணுவேன்."

அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். கல்யாணமான புதிதில், இந்த சோபா வேண்டாம் என்றாள். பத்தொன்பது வருஷமாக எங்கள் வீட்டில் சோபா கிடையாது.

இந்த மாதிரி நோய்களுக்கான பிரிவு ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக் கூடத்தைத் தாண்டி இருந்தது. நோயாளிகளின் மானத்தைக் காப்பாற்றுவதற்காக அதற்குப் பெயரே வைக்கவில்லை. 'பிரிவு 14' என்று மட்டும் போட்டிருக்கும். ஆஸ்பத்திரியில் மற்ற எல்லாப் பிரிவுக்கும் பெயர் உண்டு என்பதால், எண் உள்ள ஒரே பிரிவு எது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வாசல் காவலாளியிடம் காதோரம் போய், "பதினாலு எங்கே?" என்று கேட்டேன். அவர் பத்தடி தள்ளி நின்ற இன்னொரு காவலாளியிடம், "இவரு பதினாலாம்பா! நேரா கூட்டிட்டுப் போய் விடு, பாவம், கூச்சப்படறாரு!" என்று குரல் கொடுத்தார்.

உள்ளே நோயாளிகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது என்பது கண்டிப்பான விதி. அதனால் எண்ணையும் உபாதையையும் சேர்த்துக் கூப்பிடுவார்கள். "நூத்தி ஏழு எரிச்சல், உள்ள வாங்க. நூத்தி எட்டு அரிப்பு, ரெடியா இருங்க." நூற்று எட்டு எங்கள் கிளை மேனேஜர். இருவரும் சுவரில் ஒட்டியிருந்த 'உங்கள் ரகசியம் எங்கள் பொறுப்பு' என்ற போஸ்டரை மிகவும் கவனமாகப் படித்தோம்.

அந்தப் போஸ்டருக்குப் பக்கத்தில்தான் பலகை இருந்தது. தொழிற்சாலைகளில் 'விபத்தின்றி இத்தனை நாள்' என்று வைத்திருப்பார்களே, அதே மாதிரி. 'குணமானவர் எவரும் திரும்பி வராத நாட்கள்: 331' என்று எழுதியிருந்தது. தினமும் காலையில் பதிவு எழுத்தர் ஸ்டூல் போட்டு ஏறி எண்ணை மாற்றிவிட்டு, இறங்கி நின்று ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் கவுண்டரைத் திறப்பார். அந்தப் பிரிவில் ஒழுங்காக நடந்த வேலை அதுதான்.

ஒரு ஊசி, சில மாத்திரைகள். ஒரு வாரம் கழித்து மறுபடி பரிசோதித்தார்கள். கிருமி போய்விட்டது. 338-ஆம் நாள் எனக்குக் குணச் சான்றிதழ் கொடுத்தார்கள். அன்று குணமான எங்கள் ஆறு பேரையும் வரிசையாக உட்கார வைத்து, பெரிய டாக்டர் பேசினார். ஆறு பேரும் முகக்கவசம் போட்டிருந்தோம். மேனேஜர் கூடுதலாகக் குடையும் வைத்திருந்தார்.

"இந்த நாட்டுல எத்தனையோ ஆஸ்பத்திரி இருக்கு. ஆனா நூத்துக்கு நூறு பேர் குணமாகற ஒரே பிரிவு நம்ம பிரிவுதான்" என்றார் பெரிய டாக்டர். "எப்படி டாக்டர் முடியுதுன்னு எல்லாரும் என்கிட்ட கேக்கறாங்க. சொல்றேன், ரகசியம் ஒண்ணும் இல்ல. குணமாயிடுச்சுன்னு நாங்க முடிவு பண்ணிட்டா, அந்த முடிவுல நாங்க உறுதியா நிப்போம். நோயாளிகள் சில பேர் தடுமாறுவாங்க. நாங்க தடுமாற மாட்டோம்."

ஆறு பேரும் கை தட்டினோம். நான் தட்டியதுதான் சத்தமாக இருந்தது.

சான்றிதழை மனைவியிடம் கொடுத்தேன். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். "சரி. கொஞ்ச நாள் போகட்டும்" என்றாள். அந்தக் 'கொஞ்ச நாள்' என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் தலைகால் புரியாமல் இருந்தேன்.

ஆனால் எரிச்சல் போகவில்லை. முன்பு போல இல்லைதான். பாத்ரூமுக்குப் போகும்போது சுருக்கென்று ஒன்று, வந்த பிறகு அடிவயிற்றில் ஒரு இழுப்பு, உட்கார்ந்தால் ஒரு குத்தல். ஒருநாள் இருக்கும், மறுநாள் இருக்காது, மூன்றாம் நாள் வட்டியும் முதலுமாக வரும். மூன்று வாரம் பார்த்தேன். வீட்டில் சொல்ல முடியாது. குணமானவனுக்கு மறுபடி வலிக்கிறது என்றால் என்ன அர்த்தம்? மறுபடி எங்கேயோ போயிருக்கிறான் என்றுதானே அர்த்தம்? நானே அவள் இடத்தில் இருந்தால் அப்படித்தான் நினைப்பேன். என்னை எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரியும்.

அதனால் அவளுக்குத் தெரியாமல் பிரிவு 14-க்குப் போனேன். என் முகத்தைப் பார்த்ததும் பதிவு எழுத்தர் எழுந்து நின்றுவிட்டார்.

"சார், நீங்க குணமாயிட்டீங்களே?"

"ஆமா. ஆனா இன்னும் எரியுது."

அவர் பலகையைப் பார்த்தார். 359. என்னைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

"மெதுவாப் பேசுங்க சார். உங்களைத் திரும்பி வந்ததா நான் பதிவு பண்ணினா இது பூஜ்யம் ஆயிடும். ஐநூறு ஆனா மேலிடத்துல இருந்து வந்து விழா எடுக்கப் போறாங்க. நானூறுக்கே எங்களுக்குப் புது நாற்காலி குடுக்கறாங்க. உங்களுக்கு ஏதாவது மனசாட்சி இருக்கா?"

இல்லை என்பதற்குத்தான் ஆதாரமாக அங்கே நின்றுகொண்டிருந்தேன். அவரே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். என் வருகையை 'மரியாதை நிமித்தமான வருகை' என்று பார்வையாளர் பதிவேட்டில் எழுதினார். மரியாதை நிமித்தமாக வந்தவர்களை டாக்டர் பரிசோதிக்க முடியாது. ஆனால் டீ உண்டு. டீ குடித்தேன். அரை மணி நேரத்தில் அந்த டீ தன் வேலையைக் காட்டியது. பாத்ரூம் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றபோது, வெளியே எழுத்தர் யாரிடமோ, "நம்ம மேல எவ்வளவு நன்றி பாருங்க, குணமாயும் வந்து பார்த்துட்டுப் போறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இப்படிப் பதினோரு மரியாதைகள் செய்தேன். நடுவில் மற்ற பிரிவுகளுக்கும் போனேன். சிறுநீரகப் பிரிவில், "இது பதினாலோட விஷயம்" என்றார்கள். நரம்புப் பிரிவில் சுத்தியலால் முட்டியில் தட்டினார்கள், கால் துள்ளியது, "நல்லாத் துள்ளுதே" என்று அனுப்பிவிட்டார்கள். மனநலப் பிரிவில்தான் கொஞ்சம் பேச விட்டார்கள். "நடந்ததை நெனச்சு வருத்தம் இருக்கா?" என்றார் டாக்டர். இருக்கிறது என்றேன். "ரொம்பவா?" ரொம்ப என்றேன். அவர் என் கதையை முழுவதும் இன்னொரு தடவை கேட்டுவிட்டு, 'குற்ற உணர்ச்சி: செய்த காரியத்துக்குத் தகுந்த அளவு' என்று எழுதி, சிகிச்சை தேவையில்லை என்று கையெழுத்துப் போட்டார்.

எல்லாப் பிரிவுச் சீட்டிலும் கடைசி வரி ஒன்றுதான்: 'குறை எதுவும் காணப்படவில்லை.'

அந்த வரியை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டேன். மூன்றாம் நாள் ஒரு கட்டடத்தில் பராமரிப்புப் புத்தகத்தைத் திறந்தபோது தெரிந்தது. அது என் கையெழுத்து. ஐந்தாம் மாடியில் தனியாக இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற தபால்காரம்மா, லிஃப்ட் இறங்கும்போது ஏதோ முனகுகிறது என்று ஒன்பது தடவை புகார் எழுதியிருந்தார். ஒன்பது தடவையும் நான் போய், பட்டனை அமுக்கி ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டு, 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று எழுதியிருந்தேன். ஒன்பதாவது தடவை, 'வயதானவர். தனிமை காரணமாக இருக்கலாம்' என்று என் சொந்தச் சரக்கையும் சேர்த்திருந்தேன்.

அன்றைக்கு எனக்கு என்னவோ ஆகிவிட்டது. லிஃப்டுக்குள் ஒரு பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு ஒண்ணேகால் மணி நேரம் உட்கார்ந்தேன். ஏறியது, இறங்கியது. பதினேழாவது தடவை இறங்கும்போது மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில், மெல்ல, யாரோ அழுகையை அடக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. ஐந்தாம் மாடிக்கு ஓடி, "அம்மா, கேட்டேம்மா! சத்தம் கேக்குது!" என்றேன்.

"ரெண்டு வருஷமா அதைத்தானேப்பா சொல்றேன்" என்றார் அந்த அம்மா. "சரி, எதனால அப்படிக் கத்துது?"

"தெரியலம்மா."

"சரி. கேட்டியே, அது போதும்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். உத்தியோகத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது. காரணத்தை இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை.

பன்னிரண்டாவது மரியாதைக்குப் போனபோது பதிவு எழுத்தர் மகிழ்ச்சியாக இருந்தார். பலகை 424. புது நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"சார், உங்களுக்காக மேல பேசினேன். ஒரு வழி இருக்கு. நீங்க பழைய நோய்க்காகத் திரும்பி வர முடியாது. ஆனா புது நோய்க்காக முதல் தடவையா வரலாம். பலகைக்கும் ஒண்ணும் ஆகாது. புது ஃபைல் போட்டுடலாம், டாக்டர் பார்ப்பாங்க."

"எனக்குப் புது நோய் இல்லையே."

"அது டாக்டர் முடிவு பண்ணுவாங்க. உங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை?" என்று கம்ப்யூட்டரில் விறுவிறுவென்று தட்டினார். பதினேழாம் கட்டத்தில் வந்து நின்றுவிட்டார். "யாரு?"

"யாரு யாரு?"

"பேரு சார். புதுசா யாரோட?"

"சத்தியமா யாரும் இல்ல."

"கட்டம் காலியா இருந்தா மேற்கொண்டு போகாது. எத்தனையோ பேர் வர்றாங்க, நாலு அஞ்சு பேரு சொல்றாங்க, எனக்கு ரெண்டாம் பக்கம் போட வேண்டியிருக்கு. உங்களால ஒண்ணு சொல்ல முடியாதா?"

பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "சீக்கிரம் ஒரு பேரு சொல்லுங்க சார், டைம் ஆகுது" என்றார். ஒழுக்கமாக இருப்பது இவ்வளவு சங்கடமான காரியம் என்று எனக்கு அதுவரை தெரியாது. பழக்கமில்லை. இல்லாத ஒருத்தியின் பெயரைச் சொன்னால் அது நாளைக்கு வீடு தேடி வந்து என் குடும்பத்தைக் கலைக்கும். சொல்லாவிட்டால் எரியும்.

எழுத்தரே இரக்கப்பட்டார். "கல்யாணம் ஆனவர்தான? மனைவி பேரைப் போட்டுடலாமா? சட்டப்படி உள்ளவங்கதானே, அதுல என்ன தப்பு?"

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. அந்த வரிசையில் எத்தனை பேர் தன் மனைவி பெயரை நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடியும்? நான் சொன்னேன். கணீரென்று, மூன்றெழுத்தும் பிசகாமல் சொன்னேன். ஏதோ ஏகபத்தினி விரதம் முடித்த மாதிரி ஒரு பெருமிதம் வேறு. தேதிக் கட்டத்துக்கு எழுத்தர் தானே ஒரு தேதி போட்டுக்கொண்டார். கையெழுத்தும் போட்டேன், சோதனைக்குச் சிறுநீரும் கொடுத்தேன். வயரிங் படங்களில் பொடி எழுத்தைக்கூடப் படித்துப் பிழைக்கிறவன் நான். பதினேழாம் கட்டத்தின் தலைப்பை மட்டும் படிக்கவில்லை. 'தொற்று யாரிடமிருந்து வந்தது' என்று இருந்ததாம்.

ரகசியம் காப்பதற்காகப் பிரிவு 14 யாருக்கும் வீட்டு முகவரிக்குக் கடிதம் அனுப்பாது. வீட்டில் யாராவது பிரித்துவிடுவார்கள் அல்லவா? வேலை செய்யும் இடத்துக்குத்தான் அனுப்பும். உறையின் நாலு மூலையிலும் சிவப்பில் 'ரகசியம்' என்று முத்திரை குத்தி, ஆள் மூலம் அனுப்பும். ஆறாம் நாள் மதியம் என் மனைவி போன் செய்தாள். பின்னணியில் பஸ்கள் உறுமிக்கொண்டிருந்தன.

"ஒரு லெட்டர் வந்திருக்கு. நம்ம பதினாலுல இருந்து."

நான் போனை மற்ற காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"படிக்கறேன், கேளுங்க. 'கடந்த பதினாலாம் தேதி தங்கள் மூலமாகத் தங்கள் கணவருக்கு நோய் தொற்றியதாகத் தெரிய வருவதால், மூல விசாரணைக்கு நேரில் ஆஜராகவும்.' பதினாலாம் தேதி எனக்கு டபுள் டியூட்டி. உங்க கூட நான் பேசவே இல்ல." தாளை மடிக்கும் சத்தம் கேட்டது. "நாளைக்குக் காலையில ஒம்பதரைக்கு. நீங்களும் வர்றீங்க."

அன்றிரவு அவள் அறையில் சூட்கேஸைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்ப உள்ளே தள்ளும் சத்தம் கேட்கவில்லை.

மூல விசாரணை அறையில் நீள மேஜை. நடுவில் பெரிய டாக்டர், ஒரு பக்கம் பதிவு எழுத்தர், இன்னொரு பக்கம் சின்ன டாக்டர். சின்ன டாக்டர் முப்பது வயதுப் பெண். பேச அனுமதி இல்லாதவர் மாதிரி பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் பலகையில் 431.

"அம்மா, பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தார் பெரிய டாக்டர். "எங்க பிரிவுல நாங்க யாரையும் குத்தம் சொல்றதில்ல. நீங்கதான் காரணம்னு மட்டும்தான் சொல்றோம்."

என் மனைவி கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். அவளுடைய பரிசோதனை முடிவு. நேற்று சாயங்காலமே போய் மறுபடி எடுத்திருக்கிறாள். ஒன்றும் இல்லை.

பெரிய டாக்டர் படித்தார். முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லதாப் போச்சு. பாருங்க, எவ்வளவு சுலபமா முடிஞ்சுது! உங்களுக்கு நோய் இல்ல. அப்ப இவருக்கு உங்ககிட்ட இருந்து வந்திருக்க முடியாது. வேற யாரும் இல்லேன்னு இவரே கையெழுத்துப் போட்டிருக்காரு. ஆகவே இவருக்கு நோய் வரல. நோயே வரலைன்னா வலி எங்க இருந்து வரும்? வலிக்கல."

"வலிக்குதே டாக்டர்" என்றேன் நான்.

"நீங்க சொல்றதை நாங்க நம்பலைன்னு நெனச்சுடாதீங்க. நம்பறதுக்கு எனக்கு ரொம்ப ஆசை. ஆனா நம்பினா நானூத்து முப்பத்தொரு நாள் போயிடும். நாப்பது பேரோட உழைப்பு சார் அது. எனக்குக்கூடத்தான் பத்து வருஷமா முட்டி வலி. நான் எங்கயாவது போய்ப் பதிவு பண்ணிக்கிட்டேனா? ஒரு ஸ்தாபனம்னா ஒருத்தர் வலியை ஒருத்தர் மறைச்சாதான் நிமிர்ந்து நிக்க முடியும்."

எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். 'வலியின்மை உறுதிமொழி' என்று தலைப்பு. எனக்கு எந்த விதமான எரிச்சலும், இழுப்பும், குத்தலும் இல்லை என்று நான் கையெழுத்திட வேண்டும். கூடவே இருக்கும் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். அதோடு ஃபைல் முடிந்துவிடும்.

நான் பேனாவை எடுத்தேன். பொய் சொல்லப் போகிறோமே என்று தோன்றியது உண்மைதான். ஆனால் இதைப் போட்டால், நான் மறுபடி எங்கேயும் போகவில்லை என்று அவள் நம்புவாள், அக்கா வீட்டுக்குப் போக மாட்டாள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு மிச்ச ஆயுளை ஓட்டிவிடலாம். போட்டுவிட்டேன். தாளை அவள் பக்கம் தள்ளினேன்.

அவள் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள். கையெழுத்துக்கு ஆகிற நேரத்தைவிட அதிக நேரம் எழுதினாள்.

"அம்மா, அது சாட்சிக் கையெழுத்துக்கான இடம்" என்றார் எழுத்தர். "கருத்துக்கு இடம் இல்ல."

"சாட்சின்னா பார்த்ததைச் சொல்றவங்கதான? நான் பார்த்ததை எழுதறேன்" என்றாள் அவள், தலை நிமிராமல். எழுதி முடித்து, டிப்போவில் வண்டி நேரம் வாசிக்கிற குரலில் வாசித்தாள். "காலையில ஆறு பதினஞ்சுக்கு பாத்ரூம் போறாரு. முன்னெல்லாம் நாலு நிமிஷம். இப்ப பன்னெண்டு நிமிஷத்துக்குக் கம்மி கிடையாது. குழாயை முழுசாத் திறந்து விட்டுக்கறாரு, சத்தம் எனக்குக் கேக்கக் கூடாதுன்னு. வெளிய வந்தா சுவரைப் பிடிச்சுக்கிட்டு எட்டு அடி நடக்கறாரு. சாப்பிட உட்கார்ந்தா இடது பக்கமா சாஞ்சு உட்கார்றாரு. வாரத்துல ரெண்டு நாள் நல்லா இருக்காரு, அது எந்த நாள்னு அவருக்கே தெரியல. தொண்ணூத்தி மூணு நாளா இப்படித்தான். நடுவுல இவர் எந்த ஊருக்கும் போகல. வேலைக்குப் போறதும் வர்றதும் எனக்கு நிமிஷக் கணக்காத் தெரியும். இவருக்கு வலிக்குது. இப்படிக்கு, சாட்சி."

நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். குழாய்ச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டதாக மூன்று மாசம் நினைத்திருக்கிறேன். என்ன ஒரு முட்டாள்.

பெரிய டாக்டர் தாளை இரண்டு விரலால் எடுத்து எழுத்தரிடம் கொடுத்தார். "இது உறவினர் கருத்து. நோயாளி புகார் இல்ல. தனி ஃபைல்ல போடுங்க" என்றார். பலகைக்கு எதுவும் ஆகவில்லை. மறுநாள் 432 ஆகியிருக்கும்.

வெளியே வந்து சலவைக் கூடத்தருகே நடக்கும்போது சின்ன டாக்டர் பின்னால் ஓடி வந்தார்.

"உள்ள பேச முடியல. உங்க எல்லா ரிப்போர்ட்டும் பார்த்தேன் சார். கிருமி கிடையாது, அது நிச்சயம்."

"இவர்கிட்ட இருந்து எனக்கு ஏதாவது வருமா?" என்றாள் என் மனைவி.

"வராது."

"மறுபடி எங்கயாவது போயி வாங்கிட்டு வந்த வலியா இது?"

"இல்லம்மா. அப்படின்னா டெஸ்ட்ல தெரியும்."

"அப்ப ஏன் வலிக்குது?"

சின்ன டாக்டர் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "தெரியல. சில பேருக்குக் கிருமி போனப்புறமும் இப்படி இருக்கு. நிறையப் பேருக்குக் கொஞ்ச மாசத்துல தானாக் குறையும், சில பேருக்கு இழுக்கும். ஏன்னு எங்களுக்கு இன்னும் சரியாத் தெரியாது. 'தெரியாது'ன்னு போட எங்க கம்ப்யூட்டர்ல இடம் இல்ல. சனிக்கிழமை வாங்க, நான் வெளிய ஒரு கிளினிக்ல உட்கார்றேன். ஒண்ணொண்ணா பார்ப்போம்."

மூன்று மாதத்தில் நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை 'தெரியாது'. அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைத் துணிகளுக்கு நடுவில் நின்று தொப்பை குலுங்க அழுதேன். பார்க்கச் சகிக்காது என்று தெரிந்தும் அழுதேன்.

பஸ் நிறுத்தத்தில் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். "நாலு நிமிஷம் லேட்டு" என்றாள், வர வேண்டிய பஸ்ஸை.

"உனக்கு முதல்ல இருந்தே தெரியுமா?" என்றேன்.

"தெரியும்."

"ஒரு வார்த்தை கேக்கலியே?"

"கேக்கல."

"ஏன்?"

"வலிக்கட்டும்னு இருந்தேன்."

அவள் ரோட்டையே பார்த்தபடி சொன்னாள். எனக்குக் கோபம் வரவில்லை. நியாயமாகத்தான் பட்டது.

"இப்ப போதும்னு தோணிடுச்சா?"

"இன்னும் தோணல" என்றாள். "ஆனா அந்த ஆளு வலியே இல்லைன்னு கையெழுத்துக் கேட்டாரு பாருங்க, அங்கதான் எனக்கு ஆத்திரம் வந்துடுச்சு. தொண்ணூத்தி மூணு நாளா நான் உட்கார்ந்து பார்த்துட்டிருக்கற வலி. அதை இல்லைங்கறதுக்கு அவர் யாரு? நீங்களும் ஈன்னு இளிச்சுக்கிட்டு கையெழுத்துப் போடறீங்க."

பஸ் வந்தது. இரண்டு பேர் உட்காரும் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்வாளா என்று தெரியவில்லை. சொன்னாலும் உட்கார்ந்தால் குத்தும். அவள் இரண்டு விரற்கடை தள்ளி உட்கார்ந்தாள். நான் மெல்ல உட்கார்ந்தேன். முகத்தை ஒழுங்காக வைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றேன்.

"குத்துதா?" என்றாள்.

'ஒண்ணுமில்ல' என்று சொல்லத்தான் வாய் திறந்தது. "குத்துது" என்றேன்.

"நல்லாக் குத்தட்டும்" என்று சொல்லிவிட்டு, தன் கைப்பையை மடித்து, எனக்கு அடியில் வைத்துக்கொள்ளக் கொடுத்தாள்.